நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

ஊக்கின் முனையால் பித்தளை நாக்கின் நுனியை மெல்ல நெம்பி விடுகிறாள். டிங். வலக்காதை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு தடவை. டிங். உதட்டைப் பிதுக்குகிறாள். சுரண்டியை எடுத்து நாக்கின் நுனியில் இரண்டே இரண்டு இழுப்பு, பிரஷ்ஷால் ஒரு தட்டு, மறுபடி ஊக்கு. டிங். “இப்பச் சொல்லு” என்கிறாள். அறையில் வேறு யாரும் இல்லை. நாக்கிடம்தான் சொல்கிறாள்.

மவுத் ஆர்கன் ஊதுகிறவர்களிடம் ‘ஊக்கு அக்கா’ என்றால் போதும், விலாசம் கேட்க வேண்டாம். முதன்முதலில் அவள் கையில் எடுத்த ஆயுதம் ஒரு சேப்டி பின். அதற்கப்புறம் எத்தனையோ கருவிகள் செய்துவிட்டாள். ஆனால் நாக்கைத் தட்டிக் கேட்க மட்டும் இன்றைக்கும் ஊக்குதான். கழுத்துப் பட்டையில் எப்போதும் நாலைந்து குத்தியிருக்கும். அவசரத்தில் திரும்பினால் தாடையைக் குத்தும். குத்தினால் ஊக்கைத்தான் திட்டுவாள்.

வயது ஐம்பத்திரண்டு. காலையிலிருந்து இரண்டு மணிவரை பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் வேலை. மற்றவர்கள் கடிக்க வேண்டிய பற்களை வரிசையாக அடுக்கி, ஈறு கட்டி, தேய்த்து அனுப்புகிற வேலை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால் மவுத் ஆர்கன். “காலைல பல்லு, சாயங்காலம் நாக்கு. வாயை விட்டு வெளிய வரவே மாட்டேங்குது என் பொழப்பு” என்பாள். இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். இரண்டாம் தடவை கேட்கிறவர்களும் சிரித்தாக வேண்டும்.

மவுத் ஆர்கனைத் திறந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள், தகட்டுக்குப் பத்து நாக்குகள். ஒரு தகடு ஊதினால் பேசும், இன்னொன்று மூச்சை உள்ளே இழுத்தால் பேசும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. தலைமுடி அளவு கூடிப் போனாலும் அவ்வளவுதான், அந்த நாக்கு குப்பைக்கு. இந்த வேலைக்கென்று கடையில் கருவி கிடைக்காத காலத்தில், பல் டாக்டர்கள் முனை மழுங்கிப்போய்த் தூக்கி எறிந்த கொக்கிகளைப் பொறுக்கி வந்து, கல்லில் தேய்த்துச் சுரண்டியாக்கினாள். சைக்கிள் சக்கரத்து எஃகுக் குண்டை ஒரு கம்பியின் தலையில் ஒட்டி, நாக்கு அசைகிற பள்ளத்தின் ஓரங்களை அழுத்திக் காற்று ஒழுகாமல் நெருக்க ஒரு கருவி செய்தாள். நாக்கு கோணிக்கொண்டு சுவரில் உரசினால் நேராக்க, விரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்பானர்.

கைப்பிடிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். எல்லாம் ரோஸ் நிறம். பல் செட்டுக்கு ஈறு கட்டுகிறார்களே, அதே ரெசின். மிஞ்சினதை வீணாக்க மனசு வராது அவளுக்கு. ‘ஈறு கைப்பிடி’ என்று ஊதுகிறவர்கள் நடுவில் அதுவே ஒரு முத்திரையாகிவிட்டது. யாரோ போலியாகச் செய்து கறுப்புக் கைப்பிடி போட்டு விற்றபோது ஒருத்தரும் வாங்கவில்லையாம்.

பதினொரு கருவிகள் சேர்ந்தது ஒரு கிட். சாம்பல் நிறக் கான்வாஸ் துணியில் பதினொரு பை தைத்து, சுருட்டிக் கட்டி அனுப்புவார்கள். தைப்பதும், ஆர்டர் பார்ப்பதும், பார்சல் கட்டுவதும் கீழ் வீட்டில் இருக்கும் தங்கை. அக்காவைவிட ஏழு வயது இளையவள், அக்காவைவிட எழுபது மடங்கு பேசுவாள். பதினொன்றில் சாது என்று ஒன்று உண்டு என்றால் அது தாங்கு தகடு. விசிட்டிங் கார்டைவிட மெல்லியது. நாக்குக்கு அடியில் செருகிவிட்டால், மேலே சுரண்டும்போது நாக்கு வளையாமல் தாங்கிப் பிடிக்கும். முனையில் ஒரு துளை, அவ்வளவுதான். கைப்பிடிகூடக் கிடையாது, எடை மூன்று கிராம். ஆனால் அது இல்லாமல் நாக்கின் மேல் சுரண்டியை வைக்கவே கூடாது. “மத்த பத்தும் இருந்து இது இல்லைன்னா, சும்மா துணியை விரிச்சு வச்சு அழகு பாக்க வேண்டியதுதான்” என்று வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்வாள்.

கிட்டில் ஒன்று குறைந்தது என்ற பேச்சே வரக்கூடாது அவளுக்கு. ஆரம்பத்தில் ஒருத்தர் ஸ்பானரைக் காணோம் என்று சண்டைக்கு வந்தார். அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அது அவர் வீட்டுத் துணி மடிப்பிலேயே இருந்தது, அது வேறு விஷயம். அன்றிலிருந்து மூடுவதற்கு முன்னால் தராசில் வைத்து, எடையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுவது வழக்கம். துணியோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம். ஒரு கிராம் கூடாது, குறையாது. தங்கை நூறு சீட்டில் முன்கூட்டியே 412 என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள்.

இந்த எடை யோசனை அக்காவுடையது இல்லை. அவருடையது.

அவர் என்றால் அக்காவின் கணவர். கிரேன் ஓட்டுகிறவர். சரக்கு எவ்வளவு கனம் என்று தெரியாமல் கொக்கியை மாட்டாத ஜாதி. “மூடறதுக்கு முன்னாடி எடை போட்டு எழுதி உள்ள வை. அப்புறம் எவன் கேப்பான்?” என்று அவர்தான் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் வேலை பார்த்த ஆலையை மூடினார்கள். தூரத்துத் துறைமுகம் ஒன்றில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவளும் பல் கூடத்தை விட்டுப் போகவில்லை, அவரும் துறைமுகத்தை விட்டு வரவில்லை. சண்டையா என்றால் இல்லை. பிரிந்துவிட்டார்களா என்று கேட்டால் இரண்டு பேருமே விழிப்பார்கள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் வருவார். உடம்பு எப்படி இருக்கு என்பார். இருக்கு என்பாள். அதோடு சரி.

ஆனால் நாலு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சோப்பு டப்பா வரும். பச்சை நிறப் பிளாஸ்டிக் டப்பா, பழுப்புக் காகிதம் சுற்றி, நூல் கட்டி. உள்ளே அவருடைய மவுத் ஆர்கன். கடிதம் கிடையாது. ஒரு துண்டுக் காகிதத்தில் ‘4 உள்’ என்று இருக்கும். நாலாம் துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் சுருதி இறங்குகிறது என்று அர்த்தம். எல்லாருக்கும் ஏதாவது ஒரு நாக்கு முதலில் களைக்கும். அவருக்கு எப்போதும் அந்த நாலு. அந்த ஸ்வரத்துக்கு வந்தால் விட்டு நகர மாட்டார் மனுஷன்.

அந்த டப்பா வந்த அன்றைக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. மற்ற மவுத் ஆர்கன்களைக் காற்றுப் பம்பில் ஊதித் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பவள், இதை மட்டும் வெள்ளைத் தாளின் மேல் வைத்துத் திறப்பாள். கிரேன் கூண்டு நூறடி உயரத்தில் இருக்கிறது. கப்பலுக்கும் கப்பலுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவேளையில் அங்கே உட்கார்ந்துதான் ஊதுகிறார். அந்த வாரம் என்ன இறக்கினார்களோ அது உள்ளே படிந்திருக்கும். சிமென்ட் என்றால் சாம்பலாக, உரம் என்றால் வெள்ளைப் பரலாக. “இந்தத் தடவை கோதுமை” என்பாள் தங்கையிடம், ஏதோ ஊரிலிருந்து தகவல் வந்த மாதிரி. உமித்தூள் நிறைய இருந்தால் அவருக்கு இருமல் வந்திருக்குமே என்று இரண்டு நாள் கவலைப்படுவாள். “போன்ல கேக்கறதுதானே?” என்று தங்கை தொண்டை கிழியக் கத்திவிட்டாள். கேட்டால் இல்லை என்பார், அப்புறம் என்ன பேசுவது என்பது அக்காவின் பதில்.

நாலாம் நாக்கைச் சரிசெய்து, மற்ற பத்தொன்பதையும் ஒருமுறை கேட்டு, நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அவர் மூச்சுக்குத் தகுந்தபடி வைப்பாள். அவர் மூச்சு எப்படி என்று அளவுகோல் ஏதும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். திருப்பி அனுப்பும்போது அவளும் ஒரு துண்டுச் சீட்டு வைப்பாள். ‘சரி’ என்று. சில சமயம் ‘சரி. 7 ஊது தூசி’ என்று. ஒரு கோடையில் அவர் ‘4 உள்’ளுக்குக் கீழே ‘வெயில்’ என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டை அவள் ஊக்கில் கோத்து மூன்று வாரம் கழுத்துப் பட்டையிலேயே வைத்திருந்தாள்.

இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏன் இப்படி என்று கேட்கத் தோன்றும். தங்கை கேட்டிருக்கிறாள். அக்கா சொன்னது இதுதான்: ஆலை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சாயங்காலம். முதல் பெரிய ஆர்டர், மேசையில் பிரித்துப் போட்ட ஆறு மவுத் ஆர்கன்கள். ஒரு நாக்கின் சுருதி பிடிபடாமல் அக்கா தவித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அவர் ஊதிக்கொண்டிருந்தார். காதில் இரண்டும் கலந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல், “அந்தப் பக்கம் போய் ஊதுங்களேன், தொந்தரவா இருக்கு” என்றாள். பாதி மூச்சில் நிறுத்தினார். மறுநாளிலிருந்து மாடிப்படியில் உட்கார்ந்து ஊதினார், அப்புறம் மொட்டை மாடியில், அப்புறம் துறைமுகத்தில். அவள் ஒரு சாயங்காலத்துக்குச் சொன்னாள். அவர் ஆயுசுக்கு எடுத்துக்கொண்டார். கூப்பிட்டுத் திருத்த அவளுக்கு வாய் வரவில்லை. ஊரார் நாக்கையெல்லாம் நேராக்குகிறவளுக்குத் தன் நாக்கை அசைக்க ஒன்பது வருஷமாகத் தெரியவில்லை.

இந்த வருஷம் ஆறு மாதத்துக்குள்ளேயே சோப்பு டப்பா மூன்று தடவை வந்துவிட்டது. நாலு மாதம் என்பது மூன்றாகி, மூன்று இரண்டாகியிருந்தது. நிறைய ஊதுகிறார், அடிக்கடி அனுப்புகிறார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சீட்டில் வழக்கத்தைவிட நீளமாக எழுதிவிட்டாள்: ‘சரி. இந்த வருஷம் இது மூணாவது தடவை.’

இரண்டு வாரம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, தங்கை மாடியேறி வந்தாள். கையில் போன். ஒரு கிட்டுக்கு ஆர்டர் வந்திருந்தது. முழு கிட், பதினொரு கருவி. அனுப்ப வேண்டிய விலாசம் துறைமுகக் குடியிருப்பு. கீழே குறிப்பு எழுதுகிற கட்டத்தில் இரண்டு வரி. தங்கை வாசித்தாள்.

“ஒவ்வொரு தடவையும் உனக்குத் தொந்தரவு. இனிமே நானே பாத்துக்கறேன்.”

அக்கா ஊக்கைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். அந்த மூன்றாவது தடவையைத் தான் கணக்குச் சொல்லிக் காட்டியதாக அவர் நினைத்துவிட்டார் என்பது தங்கைக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. கடவுளே, குறையாகவா எழுதினாள்? அத்தனை சந்தோஷத்தையும் நாலு வார்த்தைக்குள் அடைத்தால் இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. இனி கிட் போய்ச் சேர்ந்தால் அவர் கூண்டிலேயே உட்கார்ந்து நாலாம் நாக்கைத் தானே சுரண்டிக்கொள்வார். சோப்பு டப்பா வராது. கோதுமையா சிமென்டா என்று தெரியாது. அவர் மூச்சுவிடுகிறார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி போய்விடும்.

தங்கை வழி சொன்னாள். ஸ்டாக் இல்லை என்று எழுதிவிடலாம். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அலமாரியில் கருவி இருக்கும்போது இல்லை என்று எந்த வாயால் சொல்வது என்றாள். அப்படியானால் போன் போட்டு விஷயத்தைச் சொல் என்றாள் தங்கை. அக்கா போனை வாங்கினாள், பெயரைப் பார்த்தாள், துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். என்னவென்று ஆரம்பிப்பது? ஒன்பது வருஷம் கழித்து, தயவுசெய்து என்னைத் தொந்தரவு பண்ணுங்கள் என்றா?

அப்புறம் அவள் செய்ததுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. அலமாரியில் தயாராக இருந்த கிட்டை எடுக்காமல், புதிதாகச் செய்ய உட்கார்ந்தாள். லிவரைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது கட்டை விரல் கணு வெளியே வளைந்திருக்கும். அந்த வளைவு பதிய, ஒவ்வொரு கைப்பிடியிலும் ரெசினை இளக்கமாக வைத்து, தன் கட்டை விரலைக் கோணலாக வைத்து அழுத்திப் பள்ளம் செய்தாள். சுரண்டியைக் கல்லில் பிடித்து, எடுத்து, நகத்தில் இழுத்துப் பார்த்து, மறுபடி கல்லில் பிடித்தாள். கூண்டு ஆடும், கை நடுங்கும் என்று ஸ்பானரின் பிளவை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக அறுத்தாள். மூன்று சாயங்காலம் வேறு எந்த வேலையும் தொடவில்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் மவுத் ஆர்கனுக்காக இரண்டு தடவை வந்து திரும்பிப் போனார்.

“இவ்ளோ நல்லா செஞ்சு குடுத்தா அவரு அப்புறம் எதுக்குக்கா உன்கிட்ட அனுப்பப் போறாரு?” என்று கேட்டாள் தங்கை.

“மட்டமா செய்ய எனக்குத் தெரியலையேடி” என்றாள் அக்கா. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

நேற்று சாயங்காலம் எல்லாம் முடிந்தது. கான்வாஸை மேசையில் விரித்து, ஒவ்வொன்றாக அதனதன் பையில் வைத்தாள். பத்து ரோஸ் கைப்பிடிகள் வரிசையாக நின்றன. ஓரத்துப் பையில் தாங்கு தகட்டைச் செருகினாள். சுருட்டினாள். நாடாவைக் கட்டினாள். தங்கை தராசில் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு. தங்கை ரப்பர் பேண்ட் போட்ட கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, அட்டைப் பெட்டியை எடுத்தாள். ஒட்டு நாடாவைக் கிழித்தாள்.

“இரு” என்றாள் அக்கா.

சுருளை வாங்கி நாடாவை அவிழ்த்தாள். ஓரத்துப் பையில் இரண்டு விரலை விட்டுத் தாங்கு தகட்டை வெளியே எடுத்தாள். கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி, தகட்டின் துளையில் கோத்து, மறுபடி பட்டையில் மாட்டிக்கொண்டாள். காலிப் பையைக் கட்டை விரலால் நீவிவிட்டு, சுருட்டிக் கட்டி, தானே தராசில் வைத்தாள்.

தங்கை அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தாள். “எடை போட்டுப் பாப்பாரே. ஒண்ணு குறையுதுன்னு எழுதுவாரேக்கா.”

“எழுதட்டுமே.”

தராசு நானூற்று ஒன்பது காட்டியது. தங்கை புதுச் சீட்டு ஒன்றை நீட்டினாள். அக்கா அதை வாங்கவில்லை. எழுதி வைத்திருந்த பழைய சீட்டையே எடுத்து, 412-இன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 409 என்று எழுதினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சீட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். நூறடி உயரத்துக் கூண்டில், கண்ணாடி போடாமல் படிக்கிற மனுஷனுக்கு இது போதாது என்று பட்டிருக்க வேண்டும். சீட்டை மறுபடி மேசையில் வைத்து, பேனாவை அழுத்திப் பிடித்து, அந்த 412-இன் மேல் இன்னொரு கோடு போட்டாள்.